42 பின் கனெக்டரில் ஒரு ஒயரும் நழுவாமல் இருக்க: கேபிள் வேலைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவையில் இயந்திரங்களுக்கான கன்ட்ரோல் கேபிள்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். நாங்கள் ஏற்ற முதல் பெரிய ஆர்டர் 24 கேபிள்கள். ஒவ்வொன்றும் 5 மீட்டர் நீளம், இரு முனையிலும் 42 பின் கனெக்டர். அனுப்பிய 24-இல் ஏழு திரும்பி வந்தன. எந்த ஒயரும் அறுந்திருக்கவில்லை, மல்டிமீட்டரை வைத்தால் எல்லா ஒயரும் ஒழுங்காக ஒலித்தன. ஆனால் இயந்திரம் ஓடி, அதிர்வு தொடங்கிய பிறகு, எப்போதாவது ஒரு சென்சார் ஒரு நொடி செத்து மீண்டும் உயிர்பெறும். நான் நேரில் போய் நின்றபோது, அங்கிருந்த மூத்த எலக்ட்ரீஷியன் ஹூட் எனும் கனெக்டர் மேல்மூடியைக் கழற்றி, ஒயர்களை ஒவ்வொன்றாக இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டே வந்தார். பதினேழாவது ஒயர் எதிர்ப்பே இல்லாமல் பின்னோடு வெளியே வந்தது. "பாருங்க தம்பி, கையோட வருது" என்று அதை என் உள்ளங்கையில் வைத்தார். அந்தப் பின் உள்ளே முழுதாகப் போய்ப் பூட்டிக்கொள்ளாமல், எதிர்முனையைத் தொட்டும் தொடாமலும் மாதக்கணக்காக நின்றிருக்கிறது.

பின்கள் நெருக்கமாக அமைந்த கனெக்டரில் இது ஏன் இவ்வளவு பெரிய சிக்கலாகிறது என்பதை முதலில் ஒரு கணக்காகப் பார்த்துவிடுங்கள். எங்கள் கேபிளில் 42 பின்களில் 40-க்குத்தான் ஒயர் உண்டு. ஒவ்வொரு ஒயர் நுனியையும் கான்டாக்ட் எனும் உலோகப் பின்னின் குழலுக்குள் நுழைத்து நசுக்கிப் பிடிக்க வைக்கிறோம்; இதுதான் கிரிம்ப். இரு முனைக்கும் சேர்த்து 80 கிரிம்ப், 24 கேபிளுக்கு 1,920 கிரிம்ப். ஆயிரத்துக்கு இரண்டு என்ற விகிதத்தில் பிழை நேர்ந்தால் ஏறத்தாழ நான்கு கிரிம்ப் பழுதாகும். அவை நான்கு வெவ்வேறு கேபிளில் விழுந்தால் ஆறில் ஒரு கேபிள் திரும்பி வரும். இரண்டு பின் கனெக்டரில் யாருக்கும் தெரியாமல் போகக்கூடிய கைத்தவறு, 42 பின்னில் உங்கள் பெயரைக் கெடுக்கும் அளவுக்குப் பெருகிவிடுகிறது. அதனால் இந்த வேலையில் கேபிளைச் சோதித்தால் போதும் என்று இருக்க முடியாது. ஒவ்வொரு ஒயரும் அதனதன் இடத்தில் தனித்தனியாகச் சோதிக்கப்பட வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகவே.

எடுத்துக்காட்டாக, தொழிற்சாலைகளில் அதிகம் காணப்படும் செவ்வக வடிவக் கனகரக கனெக்டரை எடுத்துக்கொள்கிறேன். ஹார்ட்டிங் நிறுவனத்தின் ஹான் டிடி வரிசை இந்த வகையைச் சேர்ந்தது. அதில் 24, 42, 72, 108 பின் அளவுகள் உண்டு. வேறு நிறுவனத்தின் கனெக்டர் உங்கள் கையில் இருந்தாலும் படிகளின் வரிசை மாறாது, எண்கள்தான் மாறும்.

1. கையில் டூலை எடுக்கும் முன் நான்கு தாள்களைச் சேகரியுங்கள்

முதல் தாள், கனெக்டர் நிறுவனம் வெளியிடும் தரவுத்தாள். இதில் கான்டாக்ட் ஏற்கும் ஒயர் அளவு, உறை நீக்க வேண்டிய நீளம், எந்த கிரிம்பிங் டூல், எந்த லொகேட்டர் (டூலில் கான்டாக்டை அதன் இடத்தில் நிறுத்தும் பாகம்), எந்த செட்டிங் என்பவை இருக்கும். பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். இதிலேயே மின்னோட்டக் குறைப்பு வரைபடம் ஒன்றும் இருக்கும்; அதைத் தவறாமல் பாருங்கள். ஒரு பின்னுக்கு 10 ஆம்பியர் என்று அட்டையில் எழுதியிருப்பதால் 42 பின்னிலும் ஒரே நேரத்தில் 10 ஆம்பியர் ஓட்டலாம் என்று பொருள் கிடையாது. நெருக்கமாக நிற்கும் பின்கள் ஒன்றையொன்று சூடாக்கும்; சுற்றுப்புற வெப்பம் ஏற ஏற அனுமதிக்கப்படும் அளவு இறங்கிக்கொண்டே போகும்.

இரண்டாவது, கேபிளின் தரவுத்தாள். ஒயரின் குறுக்குப் பரப்பு, இழைகளின் எண்ணிக்கை, உறையோடு சேர்த்த வெளிவிட்டம் ஆகிய மூன்றும் வேண்டும். கடையில் "0.75 ஸ்கொயர்" என்று கேட்டு வாங்கும் நெகிழ்வான ஒயரில் பொதுவாக 0.20 மி.மீ. தடிமனுள்ள 24 செம்பிழைகள் இருக்கும். 0.5-இல் 16, 1.0-இல் 32. வாங்கியதும் ஒரு துண்டை உரித்து எண்ணிப் பாருங்கள். பரப்பு குறைந்த ஒயரை முழு அளவு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒயரைச் சரியான செட்டிங்கில் கிரிம்ப் செய்தாலும் அது தளர்வாகவே நிற்கும்.

மூன்றாவது, வாடிக்கையாளர் தரும் ஒயரிங் பட்டியல். எந்த எண் ஒயர் எந்தப் பின்னுக்கு என்பதைக் கையொப்பமிட்ட தாளாகவே வாங்குங்கள், தொலைபேசியில் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். அந்தப் படம் கனெக்டரை முகப்பிலிருந்து பார்த்து வரைந்ததா, ஒயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து பார்த்து வரைந்ததா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். இதைக் கேட்காமல் விட்டவர்கள் கேபிள் முழுவதையும் இடம் வலம் மாற்றிப் பொருத்திவிட்டு, 40 பின்களையும் உருவி எடுத்திருக்கிறார்கள்.

நான்காவது, ஏற்புத் தரம் எது என்ற ஒப்புதல். கேபிள் வேலைக்கு உலக அளவில் பயன்படுவது ஐபிசி/டபிள்யூஎச்எம்ஏ-ஏ-620 என்ற தர ஆவணம். அதில் மூன்று வகுப்புகள் உண்டு. தொழிற்சாலை இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு கேட்பார்கள். ஆவணத்தை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எந்த வகுப்பு என்று ஆர்டரிலேயே எழுதி வாங்கிவிட்டால், பிற்பாடு "இது எங்களுக்கு ஒத்துவராது" என்ற வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

2. என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

புதியவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான். கனெக்டருக்கு விலை கேட்டால் விற்பனையாளர் சொல்லும் தொகை பல நேரங்களில் இன்செர்ட் எனப்படும் நடு உடலுக்கு மட்டும்தான். உள்ளே போகும் கான்டாக்ட்கள், மேல்மூடியான ஹூட், பலகையில் நிற்கும் ஹவுசிங், கேபிளைக் கவ்வும் கிளாண்ட் எல்லாவற்றுக்கும் தனித்தனி பாக எண், தனித்தனி விலை. ஒரு கான்டாக்ட் ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு கேபிளின் 80 கான்டாக்டுக்கு 4,000 ரூபாய் ஆகிறது; 24 கேபிளுக்கு 96,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நான் கொடுத்த முதல் விலைப்புள்ளியில் இந்தத் தொகையே இடம்பெறவில்லை. கணக்கிட்ட எண்ணிக்கைக்கு மேல் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். சோதனைக்கும் பிழை திருத்தத்துக்கும் அது செலவாகிவிடும்.

கான்டாக்டில் இரண்டு தேர்வுகள் உண்டு. வெள்ளி முலாம் பூசியது மின்சக்தி ஓடும் ஒயர்களுக்குப் போதும். சில மில்லி ஆம்பியர் மட்டுமே ஓடும் சிக்னல்களுக்குத் தங்க முலாம் வேண்டும், ஏனென்றால் வெள்ளியின் மேல் காலப்போக்கில் படியும் கறுப்புப் படலத்தைக் கிழித்துக்கொண்டு போக அவ்வளவு சிறிய சிக்னலால் முடியாது. ஒரு பக்கம் எதுவோ மறுபக்கமும் அதுவே இருக்கட்டும். ஆண், பெண் எதை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கும் விதி உண்டு: கழற்றிய பிறகும் மின்சாரம் இருக்கக்கூடிய பக்கத்தில் சாக்கெட், அதாவது விரல் படாத பெண் கான்டாக்ட் வர வேண்டும்.

கிரிம்பிங் டூலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கடைந்து செய்த வட்டக் கான்டாக்டுக்கு நான்கு திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் அழுத்தும் டூல் தேவை. ராட்செட் (முழுதாக அழுத்தி முடிக்கும் வரை டூலைத் திறக்க விடாத அமைப்பு) இருக்க வேண்டும், லொகேட்டர் இருக்க வேண்டும். நிறுவனம் பரிந்துரைக்கும் டூலை வாங்க எனக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு அருகில் ஆனது. அதற்கு முன் இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய டூலால்தான் அந்த முதல் ஆர்டரைச் செய்தேன். இதோடு கான்டாக்டை வெளியே எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர், ஆழம் நிறுத்தும் அமைப்புள்ள ஸ்ட்ரிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வெர்னியர் ஆகியவையும் வேண்டும். எக்ஸ்ட்ராக்டரை "தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். அது இல்லாத நாளில் நீங்கள் ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவீர்கள். கவ்வும் இடம் சிதைந்து இன்செர்ட்டே வீணாகும்.

3. நாள் கணக்கை உண்மையாகப் போடுங்கள்

பழகாத கை ஒரு ஒயரை உரித்து, ஃபெரூல் (ஒயர் எண் பொறித்த சிறு குழல்) மாட்டி, கிரிம்ப் செய்து, லென்ஸில் பார்த்து முடிக்க ஒன்றரை நிமிடம் ஆகும். 80 கிரிம்புக்கு இரண்டு மணி நேரம். பொருத்துவதற்கு ஒரு மணி நேரம், சோதனைக்கும் மூடுவதற்கும் இன்னொரு மணி நேரம், வெளி உறை நீக்குவதற்கும் தயாரிப்புக்கும் அரை மணி நேரம். முதல் வாரத்தில் ஒருவர் நாளுக்கு ஒரு கேபிள் முடித்தாலே நல்ல வேகம்; பழகிய பிறகு இரண்டு. பொருள் வந்து சேரும் காலத்தை இதனுடன் கூட்டுங்கள். இன்செர்ட் மறுநாளே கிடைத்தாலும், கான்டாக்ட் கையிருப்பில் இல்லையென்றால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். எல்லாப் பாக எண்ணுக்கும் கையிருப்பை எழுத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே வாடிக்கையாளரிடம் தேதி சொல்லுங்கள்.

4. கேபிளைத் தயார் செய்தல்

முதல் வேலையாகக் கிளாண்டின் நட்டையும் ரப்பரையும் ஹூடையும் கேபிளில் கோத்துவிடுங்கள். 40 ஒயரையும் பொருத்தி முடித்த பிறகு மேசை மேல் ஹூட் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் வேதனை யாருக்கும் வர வேண்டாம். கிளாண்ட் அளவை ஊகத்தில் வாங்காமல் கேபிளின் வெளிவிட்டத்தை வெர்னியரால் மூன்று இடத்தில் அளந்து, அது கிளாண்டின் பிடிப்பு எல்லைக்குள் நடுவாக அமையும்படி தேர்ந்தெடுங்கள்.

வெளி உறையை எவ்வளவு நீக்குவது என்பதை ஹூடின் உட்புறத்தை அளந்து முடிவு செய்யுங்கள். உறையின் விளிம்பு கிளாண்டைத் தாண்டி ஹூடுக்குள் ஒரு சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். கத்தியை உறையின் முழு ஆழத்துக்கும் இறக்காதீர்கள்; முக்கால் ஆழம் கீறி, வளைத்து, மீதியை உடைத்து எடுங்கள். உள்ளே இருக்கும் ஒயரின் உறையில் விழுந்த மெல்லிய கீறலைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம், அது ஒரு வருடம் கழித்து ஷார்ட்டாக வரும்.

41 கோர் கேபிளில் எண்ணிட்ட 40 கறுப்பு ஒயரும் ஒரு பச்சை மஞ்சள் ஒயரும் இருக்கும். பச்சை மஞ்சள் எர்த் ஒயர் கான்டாக்டுக்குப் போகாமல் இன்செர்ட்டின் ஓரத்தில் உள்ள எர்த் திருகுக்குப் போகும். அதை மற்ற ஒயர்களைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமாக விடுங்கள். கேபிள் என்றாவது பிடுங்கப்பட்டால் எர்த் கடைசியாக அறுபட வேண்டும். மற்ற ஒயர்களிலும் ஒரு முறை வெட்டி மீண்டும் கிரிம்ப் செய்யும் அளவுக்கு, ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர், கூடுதல் நீளம் இருக்கட்டும். ஒயர் எண் பொறித்த ஃபெரூல் தேவையென்றால் கிரிம்ப் செய்வதற்கு முன்பே நுழைத்துவிட வேண்டும். பிறகு அது கான்டாக்டைத் தாண்டாது.

5. உரித்தல்

ஹான் டி வகைக் கான்டாக்டுக்கு உரிக்க வேண்டிய நீளம் 8 மி.மீ. உங்கள் கான்டாக்டுக்கு எவ்வளவு என்று தரவுத்தாளில் பார்த்து, ஸ்ட்ரிப்பரின் ஆழ நிறுத்தியை அதற்கு வைத்து, ஐந்து கழிவுத் துண்டுகளை உரித்து அளந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். குறைவாக உரித்தால் உறை கான்டாக்டின் குழலுக்குள் புகுந்துவிடும். டூல் செம்பையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து நசுக்கும். கை இழுத்துப் பார்த்தால் உறுதியாகத் தோன்றும். ஆனால் பிளாஸ்டிக் நாளடைவில் தளர்ந்து இடம் கொடுக்கும். எங்கள் ஏழு கேபிளில் இரண்டுக்கு இதுவே காரணம். அதிகமாக உரித்தால் செம்பு வெளியே தெரியும், பக்கத்துப் பின்னைத் தொடும் வாய்ப்பு உண்டு.

உரித்த துண்டை உடனே உருவி எறிந்துவிடாமல் பாதி இழுத்த நிலையில் விட்டு, கிரிம்ப் செய்யும் கணத்தில் இழைகள் முறுக்கியிருக்கும் திசையிலேயே லேசாகத் திருகி எடுத்தால் இழைகள் கலையாமல் நிற்கும். கையால் இறுக்கி முறுக்காதீர்கள். ஒயர் நுனியில் ஈயம் வைத்து அதன் மேல் கிரிம்ப் செய்யும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் இருக்கிறது. அதை அடியோடு விட்டுவிடுங்கள். சாலிடர் அழுத்தத்தில் மெதுவாக வழிந்து நகரும் உலோகம், இன்று இறுக்கமாக இருக்கும் பிடி சில மாதங்களில் தளர்ந்துவிடும். ஒரு இழை வெட்டுப்பட்டாலும் அந்த முனையை நறுக்கிவிட்டு மீண்டும் உரிப்பது எங்கள் பட்டறையின் விதி. 16 இழை ஒயரில் இரண்டு போனால் எட்டில் ஒரு பங்கு செம்பு போய்விடுகிறது.

6. கிரிம்ப் செய்தல்

ஒரே வரிசைக் கான்டாக்ட்களில் 0.75-க்கு உரியதும் 1.0-க்கு உரியதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். உடலில் உள்ள வளையக் குறிகளால்தான் வேறுபாடு தெரியும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு அளவுக் கான்டாக்ட் பொட்டலம் மட்டுமே மேசையில் திறந்திருக்க வேண்டும்.

டூலின் செட்டிங்கை ஒயர் அளவுக்கு வைத்து, லொகேட்டரைச் சரியான கான்டாக்டுக்குத் திருப்புங்கள். கான்டாக்டை லொகேட்டரில் அடிவரை அமர்த்தி, டூலை லேசாக அழுத்திக் கான்டாக்ட் நகராதபடி பிடித்துக்கொண்டு, ஒயரை நுழையுங்கள். ஒரு இழைகூட வெளியே விலகி நிற்கக் கூடாது. ஒயர் உள்ளே முட்டும் உணர்வு கைக்குத் தெரிந்த பிறகு, ராட்செட் தானாக விடுவிக்கும் வரை கைப்பிடியை முழுதாக மூடுங்கள். நடுவில் ராட்செட்டை விடுவித்து எடுத்த கான்டாக்டை மறுபடி டூலில் வைத்து அழுத்தக் கூடாது. வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

இப்போது லென்ஸை எடுங்கள். கான்டாக்டின் பக்கவாட்டில் ஊசித்துளை போல ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே செம்பு பளிச்சென்று தெரிய வேண்டும். துளை இருட்டாக இருந்தால் ஒயர் அடிவரை போகவில்லை. நான்கு அழுத்தக் குழிகளும் ஒரே ஆழத்தில், துளைக்கும் குழலின் வாய்க்கும் இடையில் விழுந்திருக்க வேண்டும். குழலின் வாய்க்கும் ஒயர் உறைக்கும் இடையே சிறு இடைவெளி தெரியலாம். அது ஒயரின் வெளிவிட்டத்தைத் தாண்டக் கூடாது. கான்டாக்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் தள்ளாடும். வளைந்த கான்டாக்ட் இன்செர்ட்டுக்குள் போனால் எதிர்ப்பக்கச் சாக்கெட்டை அகலப்படுத்திவிடும்.

தகட்டை வளைத்துச் செய்த திறந்த வகை டெர்மினல் உங்கள் கனெக்டரில் இருந்தால், பார்க்க வேண்டியவை வேறு. அதில் செம்பைக் கவ்வும் இறக்கை ஒன்றும் உறையைக் கவ்வும் இறக்கை ஒன்றும் உண்டு. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் உறையின் விளிம்பும் செம்பும் இரண்டுமே கண்ணுக்குத் தெரிய வேண்டும். செம்பு இறக்கையின் பின்முனையில் மணிவாய் போல லேசான விரிவு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இறக்கையின் கூர்விளிம்பு இழைகளை அறுக்கும். கிரிம்ப் உயரத்தைக் கூர்முனை மைக்ரோமீட்டரால் அளந்து தரவுத்தாளோடு ஒப்பிடுங்கள்.

7. இழுப்புச் சோதனை

இது மாதிரித் துண்டுகளில் மட்டும் செய்யும் அழிவுச் சோதனை. தினமும் வேலை தொடங்கும் முன், செட்டிங் மாற்றிய பின், புதிய ஒயர் சுருள் பிரித்த பின் மூன்று துண்டுகளைக் கிரிம்ப் செய்து இழுத்துப் பார்க்க வேண்டும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60352-2 தரம் கேட்கும் குறைந்தபட்ச விசை 0.5 சதுர மி.மீ. ஒயருக்கு 60 நியூட்டன், 0.75-க்கு 85, 1.0-க்கு 108, 1.5-க்கு 150, 2.5-க்கு 230. டிஜிட்டல் ஃபோர்ஸ் கேஜ் வாங்கப் பணம் இல்லாத நாட்களில் நாங்கள் கான்டாக்டை வைஸில் பிடித்து, ஒயரின் மறுமுனையில் வாளியைத் தொங்கவிட்டு, எடை போட்ட மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினோம். 85 நியூட்டன் என்பது ஏறத்தாழ 8.7 கிலோ. ஒயர் எந்த எடையில் போனது என்பதோடு எப்படிப் போனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கேட்கும் விசைக்கு முன்பே உருவி வந்தால் அழுத்தம் குறைவு, குழலின் வாயிலேயே அறுந்தால் அழுத்தம் மிகுதி. திறந்த வகை டெர்மினலில் உறையைக் கவ்வும் இறக்கையைத் திறந்துவிட்டு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் உறையின் பிடிப்பும் சேர்ந்து நல்ல எண்ணைக் காட்டிவிடும்.

8. பொருத்துதல்: தள்ளு, கேள், இழு

என்னை ஏழு கேபிளோடு திருப்பி அனுப்பியது பெரும்பாலும் இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கான்டாக்ட் இன்செர்ட்டுக்குள் போகும்போது, உள்ளே இருக்கும் மெல்லிய கவ்வி விரிந்து, கான்டாக்டின் தோள் கடந்ததும் மீண்டும் சுருங்கிப் பின்னால் பூட்டிக்கொள்கிறது. முதல் பத்துப் பின்களில் "டிக்" என்ற ஒலி தெளிவாகக் கேட்கும். முப்பது பின்கள் நிறைந்த பிறகு, சுற்றியுள்ள ஒயர்கள் கையைத் தடுக்கும், பக்கத்து லேத் ஓடினால் ஒலி கேட்காது, கட்டைவிரல் வலிக்கும், பாதி போனதே முழுதும் போனதாகத் தோன்றும். அந்தக் கடைசிப் பத்துப் பின்களில்தான் பிழைகள் கூடும்.

வரிசையை இப்படி வையுங்கள். கேபிள் பக்கவாட்டில் நுழையும் ஹூட் என்றால் நுழைவாயிலிலிருந்து தொலைவில் உள்ள பின்களிலிருந்து தொடங்குங்கள். மேலிருந்து நுழைந்தால் நடுவரிசையிலிருந்து வெளிப்புறம் நோக்கி வாருங்கள். இன்செர்ட்டின் இருபக்கமும் அச்சிட்டிருக்கும் பின் எண்ணை லென்ஸில் பார்த்து, உதவியாளர் பட்டியலை உரக்கப் படிக்க, நீங்கள் திருப்பிச் சொல்லிப் பொருத்துங்கள். கான்டாக்டின் பின்புறத்தை நேராகப் பிடித்துத் தள்ளுங்கள். மெல்லிய ஒயர் என்றால் ஒயரைப் பிடித்துத் தள்ளாமல் நுழைக்கும் டூலால் தள்ளுங்கள். முட்டி நின்றதும் விடாமல், ஒயரை நேராகப் பின்னால் ஒரு முறை இழுங்கள். இது மென்மையான இழுப்பு; பூட்டிக்கொண்ட கான்டாக்ட் அசையாது, பூட்டாதது உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஏழாம் படியில் சொன்ன விசையை இங்கே காட்டாதீர்கள், நல்ல பிடியையும் கெடுத்துவிடுவீர்கள். இழுத்துப் பார்த்த பிறகே பட்டியலில் அந்த எண்ணுக்கு டிக் போடுங்கள். 40-ஐயும் பொருத்திவிட்டு மொத்தமாக இழுத்துப் பார்க்கலாம் என்று விட்டால் நடுவரிசை ஒயர்களை விரலால் பிடிக்கவே முடியாது.

எல்லாம் முடிந்ததும் இன்செர்ட்டைத் திருப்பி முகப்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, பின்னால் விளக்கு வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். எல்லா நுனிகளும் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்த நுனியும் இந்தக் கோணத்தில் தப்பாது. சில கனெக்டர்களில் கான்டாக்ட்களுக்குப் பின்னால் செருகும் இரண்டாம் பூட்டு ஒன்று தனியாக வரும். அது கடைசிவரை சிரமமில்லாமல் போகவில்லை என்றால் உள்ளே ஏதோ ஒரு கான்டாக்ட் முழுதாக அமரவில்லை. அதைச் சுத்தியால் தட்டி உள்ளே தள்ளாதீர்கள்.

எடுக்க நேர்ந்தால் எக்ஸ்ட்ராக்டரை நேராக அடிவரை இறக்கி, பிறகே இழுங்கள். எடுத்த கான்டாக்டில் கீறலோ வளைவோ இருந்தால் மீண்டும் போடாதீர்கள். நீரும் தூசியும் புகாத வகைக் கனெக்டரில் ஒயர் போகாத துளைகளுக்கு அதற்குரிய அடைப்பானைச் செருக வேண்டும். டாய்ச் டிடி, டிடிஎம் வரிசைகளில் இதை விட்டுவிட்டால் ஒரு துளை வழியே புகும் நீர் எல்லாப் பின்னையும் அரித்துவிடும்.

9. ஹூடை மூடுதல்

இழுவிசை எதுவும் கான்டாக்டுக்குப் போகக் கூடாது. முழுவதையும் கிளாண்ட் தாங்க வேண்டும். முதலில் எர்த் திருகை இறுக்கி இழுத்துப் பாருங்கள். ஒயர்கள் உள்ளே லேசான வளைவோடு தளர்ந்து கிடக்க வேண்டும். டேக் (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) போட்டுக் கட்டுவதானால் இன்செர்ட்டை ஒட்டிக் கட்டாமல் சில சென்டிமீட்டர் தள்ளிக் கட்டுங்கள். ஒட்டிக் கட்டினால் ஓரத்து ஒயர்கள் கான்டாக்டைச் சாய்வாக இழுக்கும். ஹூடை மூடும்போது எந்த ஒயரும் விளிம்பில் நசுங்கவில்லை என்று சுற்றிப் பார்த்து, அதன் பிறகு கிளாண்ட் நட்டை இறுக்குங்கள். ஒரே பலகையில் இரண்டு 42 பின் கனெக்டர்கள் அருகருகே இருந்தால், மாற்றிச் செருக முடியாதபடி கோடிங் பின் போடுவது உங்கள் கடமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

10. மின்சோதனை

ஒலி எழுப்பும் மல்டிமீட்டர் சோதனை, ஒயர் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். ஒரு இழை தொட்டாலும் அது ஒலிக்கும். ஆகவே அதை முதல் கட்டமாக மட்டும் வையுங்கள். ஒவ்வொரு பின்னையும் சோதிக்கும்போது மற்ற 39 பின்களோடும் எர்த்தோடும் ஷார்ட் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, உண்மையான சோதனை. மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 1 ஆம்பியர் வைத்து ஒரு ஒயர் வழியாக ஓட்டி, அதன் இரு முனைக்கும் இடையே விழும் மின்னழுத்தத்தை மில்லிவோல்ட்டில் அளவிடுங்கள். 0.75 சதுர மி.மீ. நெகிழ்வுச் செம்பு ஒயரின் மின்தடை 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 26 ஓம். எனவே 5 மீட்டருக்கு 130 மில்லிவோல்ட்டுக்குள் வர வேண்டும், கான்டாக்ட்களுக்காக இன்னும் சில மில்லிவோல்ட் சேரலாம். ஒரே கேபிளில் ஒரே நீளமுள்ள 40 ஒயர்களும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும் என்பதுதான் இந்தச் சோதனையின் வலிமை. திரும்பி வந்த கேபிள் ஒன்றில் எல்லாம் 125-ஐ ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 210 காட்டியது. ஒயரை அசைத்தபோது எண் ஆடியது. வெட்டிப் பார்த்தால் உறை குழலுக்குள் இருந்தது. அதே ஒயர் மல்டிமீட்டரில் தெளிவாக ஒலித்ததுதான். எண்ணைப் படிக்கும்போது கேபிளை கிளாண்டுக்கு அருகே மெல்ல வளைத்து அசைத்துக்கொண்டே படியுங்கள்.

கடைசியாக 500 வோல்ட் டிசி மெக்கரில் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவியில்) ஒயர்களுக்கும் எர்த்துக்கும் இடையிலான இன்சுலேஷனைப் பாருங்கள். இயந்திர மின்பாதுகாப்புத் தரமான ஐஇசி 60204-1 கேட்பது குறைந்தது 1 மெகா ஓம்; புதிய உலர்ந்த கேபிள் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். கேபிளின் எந்த முனையும் இயந்திரத்திலோ சென்சாரிலோ பிஎல்சி எனும் கட்டுப்பாட்டுக் கணினியிலோ இணைந்திருக்கக் கூடாது. சோதனை முடிந்ததும் மின்னூட்டத்தை எர்த்துக்கு இறக்கிவிட்டே தொடுங்கள்.

11. கேபிளோடு போக வேண்டியவை

ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அதே எண்ணில் ஒரு தாள் வையுங்கள். ஒயர் சுருளின் லாட் எண், கான்டாக்ட் பொட்டலத்தின் லாட் எண், டூலின் எண்ணும் செட்டிங்கும், அன்றைய மூன்று இழுப்புச் சோதனை முடிவுகள், 40 மில்லிவோல்ட் அளவுகள், பொருத்தியவர் பெயர், சோதித்தவர் பெயர் ஆகியவை அதில் இருக்கட்டும். பொருத்தியவரும் சோதித்தவரும் இருவராக இருப்பது நல்லது. கிரிம்பிங் டூலைக் கோ, நோ-கோ கேஜால் (ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது என்று அமைந்த அளவுக்கோலால்) வாரம் ஒரு முறை நீங்களே பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வகங்களை அங்கீகரிக்கும் இந்திய வாரியமான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்து சான்றிதழை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வாடிக்கையாளர்கள் தணிக்கைக்கு வந்தால் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.

கேபிளை அனுப்பும்போது கனெக்டர் முகப்புக்கு மூடி போட்டு அனுப்புங்கள். பஞ்சாலைக்குப் போகும் கேபிள் என்றால் மூடி இல்லாமல் ஒரு இரவு கிடந்தாலே சாக்கெட்டுகளில் பஞ்சு அடைத்துவிடும். ஒரு சிறு ஜிப் பையில் அதே அளவுக் கான்டாக்ட் ஐந்து ஆண், ஐந்து பெண், ஒயரிங் பட்டியலின் நகல், முடிந்தால் ஒரு எக்ஸ்ட்ராக்டர் ஆகியவற்றைப் போட்டு, கேபிளோடு கட்டி அனுப்புங்கள். இரவு ஷிப்டில் இயந்திரம் நின்றால், அங்கிருக்கும் எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரைத் தேடாமல் அந்தப் பையைத் திறப்பார்.